டிப்பரிலிருந்து எடுத்த மூளை

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். அந்த ஜன்னல் ஓரத்தை எனக்குத் தர முடியுமா? வாந்தி கீந்தி எல்லாம் வராது. ஒரு லாரியைப் பார்க்க வேண்டும். நம் பஸ் எங்கே அதைத் தாண்டினாலும் இந்தப் பக்கம்தான் இருக்கும். ரொம்ப நன்றி அக்கா. பையில் லேப்டாப் இருக்கிறது, மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

ஆறு சக்கர லாரி. நீலக் கேபின், பின்னால் மஞ்சள் தார்ப்பாய். நெற்றியில் ‘பெரியாண்டிச்சி துணை’ என்று எழுதியிருக்கும். நீங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசிக்கொண்டே விட்டுவிட்டால் சொல்லுங்கள்.

சொந்தக்காரர் வண்டி இல்லை. நான் வேலை பார்த்துக் கொடுத்த வண்டி. ஆமாம் அக்கா, லாரிக்குத்தான். சித்தோட்டில் தாஜுதீன் பாய் எலக்ட்ரிக் ஒர்க்‌ஷாப். பி.இ. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக அங்கே இருக்கிறேன். டிரைவர்கள் என்னைக் கம்ப்யூட்டர் பாப்பா என்பார்கள். பாய், புதிதாக யாராவது வந்தால், “இது எங்க டாக்டரம்மா, ஒயரை மாட்டி நாடி பார்க்கும்” என்பார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல் ஆள். அதற்கு ஒரு சர்டிபிகேட்டே இருக்கிறது, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாலுக்கா ஆபீசில் கொடுப்பார்கள். அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. “எம் பொண்ணு லாரிக்கு மூளை மாத்தறா” என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

மூளை என்று அவர் சொல்வது ஒரு பெட்டியை. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். டேஷ்போர்டுக்குள்ளே மாட்டியிருப்பார்கள். பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்று பெயர். இந்த மாதிரி லாரியில் டிரைவர் சுவிட்சைத் தட்டினால் நேராக லைட்டுக்குக் கரண்ட் போகாது. சுவிட்ச் அந்தப் பெட்டியிடம் கேட்கும். பெட்டி பார்த்து, சரி என்று தோன்றினால் லைட்டைப் போடும். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், எல்லாமே அதன் கையில்தான்.

சீரங்கண்ணன் வண்டியில் அந்தப் பெட்டி கெட்டுப்போனது. சீரங்கண்ணன்தான் டிரைவர், அவரேதான் ஓனரும். கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே போர்டெல்லாம் பச்சையாகப் பூத்துவிட்டது. வைப்பர் தானாக ஓடும். இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் எரியும். அந்தியூரில் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போகும்போது ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லையாம். தூக்கிக்கொண்டு போனவர்களிலேயே இரண்டு பேர் பாடையை அடுத்தவன் தோளில் கொடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். “நான் அடிக்கலீங்க, அதா அடிக்குதுங்கன்னு சொல்றனுங்க அம்மிணி. ஆரு கேக்கறா?” என்றார். நான் அன்றைக்கு அப்படிச் சிரித்தேன்.

இது எந்த ஊர்? கவுந்தப்பாடியா. அவர் எட்டரைக்குக் கிளம்பினார். மைசூருக்கு மஞ்சள் மூட்டை. ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தது ஒன்பதே கால். இந்த பஸ் ஒன்பது நாற்பது. லோடு வண்டி மெதுவாகத்தானே போகும்? கோபியில் சாப்பிட நிறுத்துவார். பிடித்துவிடலாம், இல்லையா?

புதுப் பெட்டி கம்பெனியில் இல்லை. பழைய மாடல், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதனால் சங்ககிரியில் உடைக்கிற வண்டியிலிருந்து ஒன்று எடுத்து வந்தோம். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அது டிப்பர் லாரியில் இருந்த பெட்டி. நம்பர் எல்லாம் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. காயலான் கடைக்காரர், “கடைசி எழுத்துல என்னம்மா இருக்குது, அண்ணன் தம்பி மாதிரி” என்றார். நான் அதை நம்பவில்லை. நம்பாமல்தான் லேப்டாப்பில் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒரு பேப்பரில் நாற்பத்திரண்டு விஷயம் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து டிக் அடிப்பேன். நாற்பத்திரண்டும் டிக். பேப்பர் பையில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். சரி, பரவாயில்லை.

நாற்பத்து மூன்றாவது ஒன்று இருந்தது அக்கா.

இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று அந்தப் பெட்டிக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு ஒயர் உண்டு. டிப்பரில் அந்த ஒயர் பெட்டியின் வேறு ஓட்டையில் வரும், இந்த வண்டியில் வேறு ஓட்டையில் வரும். நான் அதை லேப்டாப்பில் மாற்றி எழுதவில்லை. அதனால் இப்போது அந்தப் பெட்டி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்றால், வண்டி எங்கேயோ ஓரமாக நிற்கிறது, சாவியை மட்டும் போட்டுவிட்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அப்படி நின்றால் பேட்டரி இறங்கிவிடக் கூடாது அல்லவா? அதனால் லைட்டோ வைப்பரோ போட்ட இருபதாவது நிமிஷம் அதுவே அணைத்துவிடும். நல்லதற்காகச் செய்து வைத்த ஏற்பாடுதான். நிற்கிற வண்டிக்கு நல்லது.

நான் ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. யாரால்தான் இருபது நிமிஷம் வைப்பரைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

நிச்சயமா என்று கேட்டால், தொண்ணூறு சதவீதம். வண்டி போன பிறகு லேப்டாப்பில் அந்தப் பெட்டியின் ஃபைலைப் பெயர் மாற்றி வைக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. வெயிலில், சமவெளியில், அவர் வைப்பர் போடப் போவதில்லை. ஒன்றும் தெரியாது. திம்பம் மலையில் மழை என்று காலையிலேயே செய்தியில் சொன்னார்கள். அங்கே போடுவார். போட்ட இருபதாவது நிமிஷம் எந்த வளைவில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி வரும். ஏற்றத்தில், வளைவில், லோடு வண்டியில், கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் சாவியை அணைத்தால்?

போன் போட்டேன் அக்கா. பதினொரு தடவை. ஓட்டும்போது எடுக்க மாட்டார். அது நல்ல பழக்கம், நானே அவரைப் பாராட்டியிருக்கிறேன்.

அதோ நீலக் கேபின்! இல்லை. கோழி வண்டி.

கோபியில் இல்லை பார்த்தீர்களா. ஓட்டல் வாசல் எல்லாம் பார்த்தேன். சத்தியமங்கலத்தில் நிறுத்துவார். இல்லை என்றால் பண்ணாரியில் கட்டாயம் நிறுத்துவார். அம்மன் கோயிலில் திருநீறு வைக்காமல் யாரும் மலை ஏற மாட்டார்கள். அங்கே பாயின் மச்சான் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சீரங்கண்ணன் வண்டியை நன்றாகத் தெரியும். ரோட்டில் இறங்கி ஒரு கை காட்டினால் போதும், நின்றுவிடும்.

பாயிடம் சொன்னேனா? இல்லை. உறுதியாகாத ஒன்றைச் சொல்லி அவரை ஏன் பயமுறுத்துவது? பி.பி. இருக்கிற மனிதர். மச்சான் நம்பர் பாயிடம்தான் இருக்கிறது, அதைக் கேட்டால் எதற்கு என்பார். பில்லில் சீரங்கண்ணனிடம் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன், போய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய் இல்லை அக்கா. கையெழுத்து உண்மையிலேயே வாங்கவில்லை. எனக்குப் பொய் வராது. காலேஜில் அட்டெண்டன்சில் தப்பாக ஒரு நாள் அதிகமாகப் போட்டிருந்தார்கள், அதைக்கூட நானே போய்ச் சொன்னேன்.

என்ன, டாக்டர் வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டு நோயாளியைத் துரத்துகிற மாதிரியா? சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரியுங்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது.

கேட்டுவிட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வைப்பர் நின்றால் வேறு வழி இல்லையா என்று. இருந்தது. அந்த வண்டியில் ஏற்கனவே டேஷ்போர்டு ஓரமாக இரண்டு சுவிட்ச் இருந்தது. வைப்பருக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று. சீரங்கண்ணன் பெட்டியைக் கேட்காமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் போட்டிருந்தார். டைரக்ட் என்பார்கள். பழைய வண்டி எல்லாவற்றிலும் இருக்கும். அதை நான் எடுத்துவிட்டேன்.

நான் செய்தது சரிதான். ஃபியூஸ் இல்லாத ஒயர் அக்கா. இன்சுலேஷன் டேப் சுற்றி, ரப்பர் விரிப்புக்கு அடியில் போட்டிருக்கிறார். உரசி உரசிச் செம்பு தெரிகிறது. ஒரு நாள் தீப்பிடிக்கும். புது மூளை போட்ட பிறகு அந்தக் குப்பை எதற்கு?

அவர் சொன்னார். “அம்மிணி, அந்த ரெண்டு சுவிட்ச மட்டும் உட்டுப்போடுங்க. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது.”

“அண்ணா, தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?”

“பதனோரு வருசமா புடிக்கலீங்களே.”

பாய் பக்கத்தில் நின்றார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். பாய் என்னைப் பார்த்தார், சீரங்கண்ணனைப் பார்த்தார். “படிச்ச புள்ள சொல்லுது சீரங்கா, விடு” என்றார். அவ்வளவுதான். நான் கட்டரை எடுத்து இரண்டு ஒயரையும் அடிவரை வெட்டி எடுத்தேன். சீரங்கண்ணன் கீழே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஏன் இதை உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

சத்தி வந்துவிட்டதா. இல்லை, இந்த லாரி வரிசையில் இல்லை. அதுவும் இல்லை.

என்ன அக்கா? பாய்க்கு இப்போதாவது போன் போடு என்கிறீர்களா? போடலாம். போட்டால், மச்சான் கை காட்டி நிறுத்திவிடுவார், உண்மைதான். ஆனால் பாருங்கள், இன்னும் கால் மணி நேரத்தில் நாமே பண்ணாரி போய்விடுவோம். இறங்கி, அவரைப் பார்த்து, கையெழுத்து வாங்க வந்தேன் அண்ணா, வந்ததுதான் வந்தேன், ஒரு தடவை செக் பண்ணிவிடுகிறேன் என்று சொல்லிப் பத்து நிமிஷத்தில் அந்த வரியை மாற்றிவிடுவேன். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. எதற்கு நாலு பேருக்குத் தெரிய வேண்டும்?

அப்படிப் பார்க்காதீர்கள். எனக்காக இல்லை அக்கா. ஒர்க்‌ஷாப்புக்குக் கெட்ட பெயர்.

பண்ணாரி. கோயில் பக்கம் பாருங்கள், நான் கடைகள் பக்கம் பார்க்கிறேன். மஞ்சள் தார்ப்பாய் இருக்கிறதா? இல்லையா? அந்த மரத்துக்குப் பின்னால்? அது பஸ். பஞ்சர் கடை வாசலிலும் இல்லை. நிற்கவே இல்லையா? திருநீறு வைக்காமலா போய்விட்டார்? இல்லை, வைத்துவிட்டுப் போயிருப்பார். நாம்தான் லேட்.

மலையைப் பாருங்கள் அக்கா. மேலே பாதி காணவில்லை. வெள்ளையாக இருக்கிறது.

செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள்? கண்டக்டர் அண்ணா, நீலக் கேபின், மஞ்சள் தார்ப்பாய் லாரி ஒன்று முன்னால் போனதா என்று செக்போஸ்ட்காரரிடம் கேளுங்களேன். ஆமாம், அவருக்கு எப்படித் தெரியும். ஆயிரம் லாரி போகிறது.

மழை. கண்ணாடியை மூடிவிடவா? நீங்கள் நனைகிறீர்கள். நான் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொள்கிறேன். இந்த டிரைவர் வைப்பரைப் போட்டுவிட்டார் பாருங்கள். பதினொன்றரை. மழை கீழே இப்போதுதான் வருகிறது என்றால் மேலே எப்போது ஆரம்பித்திருக்கும்? கால் மணி நேரம் முன்னால்? அரை மணியா? உங்களுக்குத் தெரியும், மலை மேலே தாளவாடிக்காரர் நீங்கள். சொல்லுங்கள். எதையாவது சொல்லுங்கள்.

இரண்டாவது வளைவு. மூன்று.

ஏன் நின்றுவிட்டோம்? முன்னால் எத்தனை வண்டி? கண்டக்டர் இறங்கிப் போகிறார். எதிரே பைக்கில் வந்தவர் என்ன சொன்னார்? உங்களுக்குக் கேட்டதா? ஒன்பதாவது வளைவில் லாரி நிற்கிறதாம். நிற்கிறது என்றாரா, விழுந்தது என்றாரா? நிற்கிறது என்றுதானே சொன்னார்? அக்கா, என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கலர் என்று யாரும் கேட்கவில்லையே. எல்லாரும் திட்டுகிறார்கள், ஒருத்தராவது கலரைக் கேட்டார்களா?

ஒரு நிமிஷம். போன். அவர்தான்.

அண்ணா! அண்ணா, நான் இந்துஜா. நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலியே? அண்ணா? கேக்குது, சொல்லுங்க. ஆமாங்க. ஆமாங்க. அண்ணா? ஹலோ?

சிக்னல் போய்விட்டது.

உயிரோடு இருக்கிறார் அக்கா. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைவில் திரும்பும்போது வைப்பர் நின்றுவிட்டதாம், கூடவே ஹெட்லைட்டும் போய்விட்டதாம். வெளியே ஒன்றும் தெரியவில்லையாம். எதிரே பஸ் ஹாரன் மட்டும் கேட்டதாம். அப்படியே பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் வண்டி மாட்டிக்கொண்டு எல்லாரும் அவரைத் திட்டுகிறார்களாம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அம்மிணி, கோவிச்சுக்காதீங்க, நான் எதையோ தப்பா அமுத்திப்போட்டேனாட்டம் இருக்குது. எந்தச் சுவிட்ச அமுத்தோணுமுன்னு சொல்லுங்க” என்கிறார். நீங்கள் நேற்று நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீர்கள், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்கிறார்.

இப்போது மறுபடி போன் போட்டு, சாவியை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்று சொன்னால் போதும். கல் வைத்திருக்கிறார், பயமில்லை. வைப்பர் வந்துவிடும். அவர் தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு போவார். இருபது நிமிஷத்தில் மேலே போய்விட முடியுமா? பதினெட்டு வளைவு பாக்கி. நாற்பது நிமிஷம் ஆகும் என்கிறீர்களா? நடுவில் ஒரு தடவை ஓரம் கட்டச் சொல்லலாம். என்ன காரணம் சொல்வது? ஏதாவது சொல்லலாம். பெட்டி சூடாகும், ஆறவிட வேண்டும் என்று சொல்லலாம்.

இல்லை அக்கா, நான் அப்படிச் செய்யப் போவதில்லை. சும்மா சொன்னேன். சும்மா இல்லை. நினைத்தேன். சத்தியிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும்.

பாயிடம் ஒன்பதே காலுக்கே சொல்லியிருந்தால் சீரங்கண்ணன் இந்நேரம் பண்ணாரியில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

சிக்னல் ஒரு கோடு வருகிறது. போடுகிறேன்.

அண்ணா, கேக்குதா? நீங்க எதையும் தப்பா அமுத்தலை. கேளுங்க, கட் ஆயிரும். தப்பு என்னோடது. நான் ஒரு ஒயர் விஷயத்தை மாத்தாம விட்டுட்டேன். அந்தப் பெட்டி வண்டி நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு அணைச்சுருச்சு. மறுபடி போட்டாலும் இருபது நிமிஷத்துல மறுபடி அணைஞ்சுரும். எடுக்காதீங்க அண்ணா. யாரு என்ன சொன்னாலும் வண்டியை எடுக்காதீங்க. நான் பின்னால பஸ்லதான் இருக்கேன். ஆமாங்க. காலையிலயே தெரியும். ஆமாங்க, உங்களுக்குச் சொல்லாமத்தான் வந்தேன். அண்ணா? இருக்கீங்களா?

சரிங்க. சரிங்க அண்ணா.

வைத்துவிட்டார். திட்டவில்லை அக்கா. “சீக்கிரம் வாங்க அம்மிணி, எனக்குக் கால் நடுங்குதுங்க” என்றார். முப்பது வருஷமாக இந்த மலையில் ஓட்டுகிறவர்.

என் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். இந்தத் துப்பட்டாவை லேப்டாப் மேல் சுற்றிவிடுகிறேன். மேலே போட ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தால் கொடுங்கள். அரிசிக் கவரா? போதும், போதும். நாம் நிற்பது மூன்றாவது வளைவுக்கு மேலேதானே? ஆறு வளைவு நடக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியாகத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

பாய்க்கு நடந்துகொண்டே போன் போட்டுவிடுகிறேன். இல்லை. இறங்குவதற்குள் சிக்னல் போய்விடும். இருங்கள், இப்போதே போடுகிறேன்.

பாய், இந்துஜா பேசறேன். கையெழுத்துக்காக வரலை பாய்.

கண்டக்டர் அண்ணா, கதவைத் திறங்கள். தெரியும் அண்ணா, காடு என்று தெரியும். யானை வந்தால் வரட்டும். இல்லை, வர வேண்டாம், எனக்கு ஏற்கனவே போதுமான அளவு பயமாக இருக்கிறது. கீழே இருந்து யாரோ மெக்கானிக் வர வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தீர்களே, அந்த மெக்கானிக் நான்தான். ஆமாம், பொண்ணுதான். சிரித்துக்கொள்ளுங்கள், கதவை மட்டும் திறங்கள். மேலே நிற்கிறவரை இனிமேல் திட்டாதீர்கள். அந்த லாரியை நடுரோட்டில் நிறுத்தியது நான்.